நாரிக்கு மூன்று வழிகள்

நாரி என்னும் சொல் பேச்சுவழக்கிலே நோவோடு சேர்ந்தே பெரும்பாலும் வழங்குகின்றது. நாரிப்பிடிப்பு, நாரி நோ, நாரி உளைவு என வீட்டிலும் வயலிலும் கந்தோரிலும் அச்சொல் கேட்கப்படுகின்றதேயன்றி, நோவற்ற நாரியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. உடலின் எவ்வுறுப்பும் நோகும்வரை நினைக்கப்படுவதில்லை என்பது பொதுவிதி. அவ்விதிக்கு நாரியினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை எனலாம்.

இந்நோவைத் தீர்க்கும் பொருட்டு முள்ளந்தண்டினுள்ளே கத்தியைச் செலுத்தத் துணிந்த வரலாறு நூறாண்டுகளுக்குச் சற்று மேற்பட்டது. அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். நோயுற்ற இடத்தை அடைந்தபின் செய்யப்படும் வேலை ஓரளவு ஒரே தன்மையதாகவே இருந்து வந்துள்ளது: பழுதுற்றதை அகற்றுதல், அசைவதை நிறுத்துதல், நசுங்கிய நரம்புக்கு இடம் தேடிக் கொடுத்தல். பெரிதும் மாறியது அவ்விடத்தை அடையும் வழியே. முதலில் முதுகுப்புறமாகவும், பின்னர் வயிற்றுப்புறமாகவும், அண்மைக்காலத்தில் விலாப்புறமாகவும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் நாரியை அணுகியுள்ளனர். இம்மூன்று வழிகளுள் ஒன்றேனும் விலையின்றித் திறப்பதில்லை. ஒருமுறை சத்திரசிகிச்சை பெற்றும் நோ தீராது, இரண்டாம் முறை மேசைமேற் கிடத்தப்படும் நோயாளியிடத்திலேதான் அவ்விலை முழுமையாக வெளிப்படுகின்றது.

வழிகளின் இயல்பை அறிய, சேரவேண்டிய இடத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். நாரிப் பகுதியில் ஐந்து முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஐந்தாவதன் கீழே இடுப்பென்புகளுக்கு நடுவில் திருவென்பு அமைந்துள்ளது. அடுத்தடுத்த இரு முள்ளென்புகளின் உடல்களுக்கிடையே ஒவ்வோர் இடைத்தட்டு உண்டு. புறத்தே நார் வளையங்கள் பலவற்றையும் அகத்தே பசைபோன்ற மையத்தையும் கொண்ட இத்தட்டு, சுமையைத் தாங்குவதோடு வளையவும் திரும்பவும் இடந்தருகின்றது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த அல்ப் நக்கெம்சன் 1960களில் தட்டின் உள்ளே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தபோது, நிற்கும் நிலையிலும் பார்க்க இருக்கும் நிலையில் அழுத்தம் மிகுதியாயிருத்தலைக் கண்டார். ஓய்வு எனக் கருதி இருக்கையில் அமர்பவன் தன் நாரிக்கு ஓய்வளிப்பதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இத்தட்டுக்கு வேறொரு குறையும் உண்டு. வளர்ந்த மனிதரின் இடைத்தட்டினுள்ளே குருதிக்குழாய்கள் செல்வதில்லை எனலாம். மேலும் கீழுமுள்ள என்புகளிலிருந்து மெல்லக் கசிந்துவரும் ஊட்டமே அதற்கு வாழ்வளிக்கின்றது. ஆதலின், தோலும் என்பும் காயமுற்றால் ஆறுவதுபோல இடைத்தட்டு ஆறுவதில்லை. கிழிந்த தட்டு பெரும்பாலும் கிழிந்ததாகவே எஞ்சுகின்றது.

இனி, அது அமைந்திருக்கும் இடத்தை நோக்குவோம். தட்டின் பின்னே நரம்புகள் இறங்கும் கால்வாயும், அதற்கும் பின்னே என்பு வளைவுகளும், அவற்றின்மேல் நிமிர்ந்து நிற்கத் துணைசெய்யும் தடித்த தசைகளும் உள்ளன. முன்னே இதயத்திலிருந்து இறங்கும் பெருநாடியும் இதயத்துக்குத் திரும்பும் பெருநாளமும் என்பை ஒட்டியே செல்கின்றன. அவற்றுக்கு முன்னே குடலும் அதனைச் சூழ்ந்த மென்சவ்வும் உள்ளன. இருபக்கங்களிலும் சோவாஸ் எனப்படும் நீண்ட தசை முள்ளென்புகளின் பக்கங்களிலிருந்து புறப்பட்டுத் தொடை என்புவரை செல்கின்றது. காலை உயர்த்தி அடியெடுத்து வைக்க உதவுவது இத்தசையே. இங்ஙனம் நாற்புறமும் காவலுடைய இடத்திலே தட்டு வீற்றிருக்கின்றது. எப்புறத்தால் அணுகினும் உயிர்க்கு இன்றியமையாத ஒன்றைக் கடந்தே செல்லவேண்டும்.

முதலிலே திறக்கப்பட்டது முதுகுப்புற வழி. 1911 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் ரசல் ஹிப்ஸ், பிரெட் அல்பீ என்னும் இருவர் தனித்தனியே முள்ளென்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் சத்திரசிகிச்சையை வெளியிட்டனர். அக்காலத்தில் அவர்கள் எதிர்த்து நின்ற பகை தேய்ந்த தட்டன்று. முள்ளந்தண்டைத் தாக்கும் காசநோயாகும். 1779 இலே பேர்சிவல் பொட் என்னும் ஆங்கிலேய வைத்தியர் விவரித்த அந்நோய், முள்ளென்புகளை அரித்துச் சிறுவரைக் கூனராக்கி வந்தது. நோயுற்ற பகுதியை அசையாது நிறுத்தினால் கூன் வளர்வதைத் தடுக்கலாம் என்னும் எண்ணமே இணைப்பின் பிறப்பிடம். ஹிப்ஸ் முள்ளென்புகளின் பின்புறத்திலிருந்தே என்புத் துண்டுகளைச் செதுக்கி அவற்றைப் பாலமாக அமைத்தார். அல்பீ காலின் முன்னென்பிலிருந்து ஒரு கீற்றை எடுத்து முள்ளென்புகளின் பின்முனைகளைப் பிளந்து அதனைப் பதித்தார். இருவரும் நம்பியிருந்தது உடலின் ஓர் இயல்பை. உடைந்த என்பு தானே கூடும். அருகருகே வைத்து அசையாது காத்தால் இரண்டு என்புகள் ஒன்றாகும். இன்று திருகாணிகளும் தகடுகளும் எத்தனை வந்தபோதும், சத்திரசிகிச்சை நிபுணர் என்புகளை இணைப்பதில்லை. இணைவதற்கான சூழலை அமைத்துக் காத்திருக்கின்றார். இணைக்கும் வேலையை என்பே செய்கின்றது.

1934 இல் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த வில்லியம் மிக்ஸ்ரரும் ஜோசப் பாரும் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் போக்கை மாற்றியது. தட்டு கிழிந்து உள்ளிருக்கும் பொருள் பிதுங்கி நரம்பை நெருக்குவதாலேயே, நாரியிலிருந்து கால்வரை பரவும் நோ பல நோயாளிகளிடம் உண்டாகின்றது என அவர்கள் நிறுவினர். அதுகாறும் காசநோய்க்கும் வளைவுக்கும் உரியதாயிருந்த முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை, அதன்பின் பொதுமக்களின் நாரி நோவையும் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. ஹொனலூலுவிலே பணிபுரிந்த ரல்ப் குளோவார்ட் 1940களில் மேலும் ஒரு படி சென்றார். முதுகுப்புறமாக நுழைந்து, தட்டை அகற்றி, அது இருந்த இடத்திலேயே என்புத்துண்டுகளை நிரப்பி இரு முள்ளென்பு உடல்களையும் இணைக்கும் முறையை அவர் கையாண்டு 1953 இல் விரிவாக வெளியிட்டார்.

முதுகுப்புற வழியின் சிறப்பு யாதெனில், நெருக்குண்ட நரம்பை நேரிற் கண்டு விடுவிக்கலாம் என்பதாகும். அதன் விலை யாதெனில், தட்டை அடைவதற்கு அந்நரம்பையே ஒருபுறம் ஒதுக்கிப் பிடிக்கவேண்டும் என்பதாகும். என்பிலிருந்து தசைகளை உரித்து விலக்கவேண்டும். நரம்பைக் காக்கும் என்பு வளைவின் ஒரு பகுதியை வெட்டவேண்டும். காயம் ஆறும்போது வெட்டப்பட்ட இடமெங்கும் வடு இழையம் நிரம்புகின்றது. அது நரம்பையும், நரம்புகளைப் போர்த்தியிருக்கும் உறையையும் பற்றிக்கொள்ளுகின்றது. முதன்முறை வழுக்கிச் சென்ற நரம்பு இரண்டாம் முறை பசையிட்டு ஒட்டியதுபோல நிற்கும். பழைய வழியிலே மீண்டும் செல்லும் சத்திரசிகிச்சை நிபுணர், நோயைக் காணுமுன் முன்னையவரின் கைவேலையோடு போராட வேண்டியவராகின்றார்.

வயிற்றுப்புற வழியைப் பற்றிய எண்ணமும் பழமையானதே. 1932 இல் இங்கிலாந்தின் நோர்மன் கப்பனர் அதன் பொருத்தத்தை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு அதே நாட்டின் பேர்ன்ஸ் அதனைச் செயற்படுத்தி வெளியிட்டார். பின்னர் ஹொங்கொங்கில் ஹொட்ஜ்சன், ஸ்ரொக் ஆகிய இருவரும் முள்ளந்தண்டுக் காசநோயாளருக்கு முன்புறமாகச் சென்று நோயுற்ற என்பை முற்றாக நீக்கி, அவ்விடத்தில் என்பை ஒட்டும் முறையை 1956 இல் வெளியிட்டனர். நோய் முன்னே இருக்கப் பின்னாற் செல்வானேன் என்னும் எளிய கேள்விக்கு அது விடையாயிற்று.

முன்புறமாகச் சென்றால் முதுகுத் தசை சிதைவதில்லை. நரம்புக் கால்வாய் திறக்கப்படுவதில்லை. தட்டு முழுவதும் கண்முன் தோன்றும். அகன்ற தாங்கியொன்றை அங்கு வைக்கலாம். ஆயினும் பெருநாடியையும் பெருநாளத்தையும் அவற்றின் கிளைகளையும் மெல்ல ஒதுக்கவேண்டும். நாளத்தின் சுவர் நாடியின் சுவரிலும் மெல்லியது. அது கிழிந்தால் குருதிப்பெருக்கை அடக்குதல் எளிதன்று. ஆண்களிடத்திலே, அங்கு செல்லும் நுண்ணிய நரம்புகள் சில கெட்டால் இனப்பெருக்க ஆற்றலும் பாதிப்புறலாம். இக்காரணங்களால் குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சையில் வல்லவர் ஒருவரைத் துணைக்கு அழைக்கும் வழக்கம் பல வைத்தியசாலைகளில் உண்டாயிற்று.

இவ்வழியின் வரலாற்றிலே ஒரு பெண்மணியின் பெயர் தனித்து நிற்கின்றது. கிழக்கு ஜேர்மனியைச் சேர்ந்த கரின் யான்ஸ் 1972 இல் மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டு விழாவில் தாண்டற்குதிரையிலும் சமனற்ற இரட்டைக் கம்பிகளிலும் இரு தங்கப் பதக்கங்களைப் பெற்ற உடற்பயிற்சி வீராங்கனை. முள்ளந்தண்டு எத்தனை வளைவுகளை ஏற்கவல்லது என்பதைத் தம் உடலாலேயே அறிந்தவர் அவர். பின்னர் வைத்தியம் கற்று, கரின் பூற்னர்-யான்ஸ் என்னும் பெயரோடு பெர்லின் சரிற்றே வைத்தியசாலையிற் பணியாற்றியபோது, கூர்ட் ஷெல்நாக் என்பவரோடு இணைந்து செயற்கை இடைத்தட்டு ஒன்றை உருவாக்கினார். உலோகத் தகடுகள் இரண்டு. அவற்றிடையே வழுக்கி அசையும் பொலிஎதிலீன் வில்லை ஒன்று. 1984 இல் அது முதன்முதலாக மனித உடலிற் பொருத்தப்பட்டது. வைத்தியசாலையின் பெயரே அதற்கும் வழங்கலாயிற்று. 2004 இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் அதற்கு அனுமதியளித்தது.

இணைப்பு அசைவை நிறுத்தி நோவை நீக்க முயல்வது. செயற்கைத்தட்டோ அசைவைக் காத்தவாறே நோவை நீக்க முயல்வது. ஓர் இணைப்பு நிகழ்ந்தபின், அசைய இயலாத பகுதியின் சுமை அதற்கு மேலும் கீழுமுள்ள தட்டுகளின்மேல் விழுந்து, காலப்போக்கில் அவற்றையும் தேய்க்கலாம் என்னும் அச்சமே செயற்கைத்தட்டின் தோற்றத்துக்கு ஒரு காரணம். நோக்கம் உயர்ந்தது. ஆயின், மனிதன் ஆக்கிய பொருள் யாவும் ஒருநாள் தேயும், இடம்பெயரும், அல்லது எதிர்பார்த்த பயனைத் தராதொழியும். செயற்கைத்தட்டு பொருத்தப்பட்ட நோயாளருள்ளும் சிலருக்கு வில்லை தேய்ந்தது. சிலருக்குத் தகடு என்பினுள் அமிழ்ந்தது. சிலருக்கு நோ தொடர்ந்தது. அவர்களுள் சிலருக்கு அதனை வெளியே எடுக்கவேண்டிய நிலை வந்தது.

இங்கேதான் வழியின் விலை முழுமையாக வசூலிக்கப்படுகின்றது. முன்புறமாகப் பொருத்தப்பட்ட தட்டின் முன்னே, முதற் சத்திரசிகிச்சையின் வடு படர்ந்திருக்கும். பெருநாளமும் அதன் கிளைகளும் அவ்வடுவினால் முள்ளென்போடும் தட்டோடும் ஒட்டப்பட்டிருக்கும். முன்னர் விரலால் ஒதுக்கத்தக்கதாயிருந்த குழாயை இப்போது வடுவிலிருந்து அரிந்து பிரிக்கவேண்டும். ஒரு கிழிசல் உயிரையே கேட்கலாம். முதுகுப்புறமாகச் சென்றாலோ, அகன்ற உலோகத் தகடுகளை நரம்புகளின் இடையே வெளியே இழுக்க இடமில்லை. முன்வழி அடைபட்டது, பின்வழி ஒடுங்கியது. நோயாளியோ நோவோடு காத்திருக்கின்றார்.

எஞ்சியது பக்கவழி. அதற்கும் முன்னோர் உண்டு. முன்வழியைப் பற்றி 1932 இல் எழுதிய அதே கப்பனர், முதுகுக்கும் பக்கத்துக்கும் இடைப்பட்ட திசையிலிருந்து முள்ளந்தண்டை அணுகும் முறையொன்றை வளர்த்து அதன் வரலாற்றை 1954 இல் எழுதினார். 1997 இல் ஜேர்மனியின் மைக்கேல் மாயர், சிறு வெட்டொன்றின் மூலம் வயிற்றின் பக்கமாகச் சென்று, குடலைச் சூழ்ந்த சவ்வைத் திறவாது அதன் பின்புறமாக நாரித் தட்டுகளை அடையும் முறையை வெளியிட்டார். பிரேசில் நாட்டின் சாவோ போலோ நகரைச் சேர்ந்த லூயிஸ் பிமென்ரா, சோவாஸ் தசையின் ஊடாகவே நேர்ப்பக்கத்திலிருந்து செல்லும் முறையை வளர்த்தார். ஒஸ்கூர், ஆரியன், பிமென்ரா, ரெய்லர் ஆகிய நால்வர் 2006 இல் அம்முறையை விரிவாக வெளியிட்டதன்பின் அது உலகெங்கும் பரவலாயிற்று.

அம்முறை பின்வருமாறு அமையும். நோயாளி ஒருபக்கமாகப் படுக்கவைக்கப்படுகின்றார். விலா என்புக்கும் இடுப்பென்பின் விளிம்புக்கும் இடையிலுள்ள வெளி அகலும்படி மேசை வளைக்கப்படுகின்றது. எக்ஸ்-கதிர்ப் படத்தின் துணைகொண்டு தட்டின் நேர்மேலே தோலிற் குறியிடப்படுகின்றது. முதல் விவரிப்பின்படி வெட்டுகள் இரண்டு: நேர்பக்கத்தில் ஒன்று, அதற்குச் சற்றுப் பின்னே மற்றொன்று. பின்வெட்டின் ஊடாக நுழையும் சத்திரசிகிச்சை நிபுணரின் விரல், குடலையும் அதன் சவ்வையும் மெல்ல முன்னே தள்ளி, நேர்வெட்டின் ஊடாக வரும் கருவியைச் சோவாஸ் தசைவரை வழிநடத்துகின்றது. இத்துணைக் கருவிகள் பெருகிய காலத்திலும், இருளிலே வழிகாட்டியது ஒரு மனிதவிரல் என்பது நினைக்கத்தக்கது. பின்னர் ஒன்றைவிட ஒன்று சற்றே பெரிய குழாய்கள் அடுத்தடுத்துச் செலுத்தப்பட, தசைநார்கள் வெட்டுண்ணாது விலகுகின்றன. அவ்விடைவெளியினூடாகத் தட்டு அகற்றப்பட்டு, என்புத்துகள் நிரப்பிய தாங்கி வைக்கப்படுகின்றது.

இத்தாங்கியின் அளவிலே பக்கவழியின் பெருஞ்சிறப்பு அடங்கியுள்ளது. முள்ளென்பின் நடுப்பகுதி மென்மையானது. அதன் விளிம்பு வளையமே உறுதியானது. முதுகுப்புறமாக நரம்புகளினிடையே செல்லும் தாங்கி சிறிதாகவே இருத்தல் வேண்டும். பக்கமாகச் செல்லும் தாங்கியோ 18 முதல் 22 மில்லிமீற்றர் வரை அல்லது அதனினும் அகலமாகவும், ஒருபக்க விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்புவரை நீண்டதாகவும் இருக்கலாம். இரு கரைகளிலும் ஊன்றிய பாலம்போல அது நிற்கும். தட்டின் முன்னும் பின்னும் உள்ள உறுதியான நார்ப்பட்டைகள் வெட்டப்படாமையால், உயர்ந்த தாங்கி உள்ளே நுழைந்ததும் அவை இழுபட்டு இறுகுகின்றன. முள்ளென்புகள் ஒன்றிலிருந்தொன்று உயர, நரம்பு வெளியேறும் துவாரமும் உயர்ந்து விரிகின்றது. நரம்பைத் தொடாமலே நரம்புக்கு விடுதலை கிடைக்கின்றது. இங்ஙனம் விரியாத ஒடுக்கங்களும் உள. அவற்றுக்கு முதுகுப்புறம் திறக்கப்படவே வேண்டும். தாங்கி நகராதிருக்க முதுகுப்புறமாகத் திருகாணிகள் பொருத்துவதும் பெருவழக்கு.

பழுதுபார்க்கும் சத்திரசிகிச்சைக்கு இவ்வழி ஏன் உவந்ததாயிற்று என்பது இப்போது விளங்கும். முதுகுப்புறமும் வயிற்றுப்புறமும் வடுவேறிக் கிடக்கையில், பக்கம் எவர் கையும் படாததாக இருக்கின்றது. 2006 இலேயே பிமென்ராவும் அவருடன் பணியாற்றிய இருவரும், முன்புறமாகப் பொருத்தப்பட்ட சரிற்றே தட்டைப் பக்கவழியாக வெளியே எடுக்கும் முறையை வெளியிட்டனர். பெர்லினிலே முன்வாயிலால் உட்புகுத்தப்பட்ட ஒரு கருத்து, சாவோ போலோவிலே பக்கவாயிலால் வெளிக்கொணரப்பட்டது எனலாம். வடுவோடு ஒட்டிய பெருங்குழாய்களை அசைக்காது, அவற்றின் பின்னே பக்கமாகச் சென்று தகடுகளைக் கழற்றி, அதே வெளியிலே தாங்கியை வைத்து இணைக்கவும் இயலும். முதுகுப்புற இணைப்புக்குப்பின் அடுத்த தட்டுத் தேய்ந்த நோயாளர்க்கும் இவ்வழி உதவுகின்றது. பழைய வடுவைத் திறவாது, தேய்ந்த தட்டினிடத்தே தாங்கியை வைக்கலாம்.

ஆயினும் காவலற்ற வழி என ஒன்று இல்லை. சோவாஸ் தசையினுள்ளே நாரி நரம்புப் பின்னல் பொதிந்து கிடக்கின்றது. தொடைக்கு உணர்ச்சியையும் முழங்காலை நீட்டும் வலிமையையும் தரும் நரம்புகள் அங்கிருந்தே பிறக்கின்றன. அப்பின்னல் மேலே தட்டின் பின்பகுதியை ஒட்டியும், கீழே இறங்க இறங்க முன்னோக்கியும் வருகின்றது. ஆதலின் நான்காம் ஐந்தாம் முள்ளென்புகளுக்கிடையே செல்லும்போது ஆபத்து மிகுதி. 2010 இல் யூரிபேயும் அவரது குழுவினரும் உடலங்களை அறுத்தாராய்ந்து, தட்டின் பக்கத்தை நான்கு வலயங்களாகப் பகுத்து, எவ்வலயத்தினூடாகச் செல்லுதல் ஏமமானது என வரைந்து காட்டினர். இது வரைபடமேயன்றி வாக்குறுதியன்று. ஒருவர் உடலிலே நரம்பு செல்லும் இடம் மற்றவர் உடலிற் சற்று மாறும். எனவே கருவி முன்னேறும்போது சிறு மின்னோட்டம் செலுத்தப்பட்டுத் தசைகளின் துடிப்புக் கேட்கப்படுகின்றது. துடிப்புத் தோன்றினால் நரம்பு அருகிலுள்ளது என்பது பொருள். தசைகளைத் தளர்த்தும் மருந்து அவ்வேளை செயற்படின் நரம்பு பேசாது; ஆதலின் மயக்கமருந்து கொடுப்பவரும் அதற்கேற்ப நடந்துகொள்கின்றார். நோயாளி உறங்குகின்றார், அவரது நரம்புமட்டும் விழித்திருந்து எச்சரிக்கின்றது.

இத்தனை காவலிருந்தும், சத்திரசிகிச்சைக்குப்பின் தொடையின் முன்புறம் விறைத்தலும், காலை உயர்த்துவதில் தளர்ச்சியும் பலரிடத்துக் காணப்படுகின்றன. பெரும்பாலும் இவை வாரங்களிலோ மாதங்களிலோ மறைகின்றன, சிலரிடத்து மறைவதில்லை. குடலோ குருதிக்குழாயோ காயமுறுதல் அரிது. ஆயினும் நேர்ந்தால் கொடிது. ஐந்தாம் நாரி முள்ளென்புக்கும் திருவென்புக்கும் இடைப்பட்ட தட்டை நேர்ப்பக்கத்திலிருந்து அடைய இடுப்பென்பே தடுக்கின்றது. தேய்வு மிகுதியாக நிகழும் இடங்களுள் ஒன்று அதுவே என்பதை நினைத்தால், இவ்வழியின் எல்லை விளங்கும். அத்தட்டிலே செயற்கைத்தட்டுப் பழுதுற்ற நோயாளிக்குப் பக்கவாயில் திறப்பதில்லை. பக்கவழியாகவே ஒருமுறை சத்திரசிகிச்சை பெற்றவர்க்கு அப்பக்கமும் வடுவேறியதாகிவிடும்.

நரம்புப் பின்னலைத் தவிர்க்கும் பொருட்டு, தசையைத் துளைக்காது அதற்கும் பெருநாடிக்கும் இடையிலுள்ள சாய்வான வெளியாற் செல்லும் முறையும் வளர்ந்தது. 2012 இல் பிரான்சிலிருந்து சில்வெஸ்ரரும் பிறரும் 179 நோயாளரின் விவரங்களோடு அதனைப் பற்றி எழுதினர். அங்கு நரம்பின் ஆபத்துக் குறைய, குருதிக்குழாயின் அண்மை கூடுகின்றது. பெருநாளம் வலப்பக்கமாக அமைந்திருத்தலின், பெரும்பாலும் இடப்பக்கமே தெரிவுசெய்யப்படுகின்றது. ஒரு காவலனை விட்டு விலகினால் மற்றொருவனின் அருகே செல்லவேண்டியுள்ளது என்பதே இதன் பொருள்.

இவ்விடத்து, இச்சிகிச்சைகளோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் ஒரு சொல்லைப் பற்றிச் சிந்தித்தல் தகும். மிகக்குறைந்த ஊடுருவல் என்பது அச்சொல். சிறு துவாரம், சிறு தழும்பு, சில நாட்களில் வீடு என்னும் செய்தி நோயாளியின் செவிக்கு இனியது. அதில் உண்மையும் உண்டு. தசைச்சிதைவும் குருதியிழப்பும் குறைதல் சிறிய நன்மையல்ல. ஆயினும் தோலின் வெட்டுச் சிறிதாயிருத்தல், உள்ளே நிகழ்வது சிறிது என்பதற்குச் சான்றாகாது. சிறு துவாரத்தின் அடியிலும் ஒரு தட்டு முற்றாக அகற்றப்படுகின்றது. இரு என்புகள் வாழ்நாள் முழுவதும் பிரியாதவாறு பிணைக்கப்படுகின்றன. பெருநாடி சில சென்ரிமீற்றர் அப்பாலே துடித்துக்கொண்டிருக்கின்றது. கண் காணாததை எக்ஸ்-கதிர் காணவேண்டியிருத்தலின், கதிரின் அளவும் கூடுகின்றது. மேலும், இம்முறைகள் பல வணிகப் பெயர்களோடும், அவற்றுக்கெனவே விற்கப்படும் கருவிகளோடும் உலகுக்கு வந்தன. எக்ஸ்லிப் என்னும் பெயர் நியூவேசிவ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வணிகக்குறியாக வழங்கியது. கருவியின்றி முறையில்லை, ஆதலின் இது குற்றமன்று. ஆனால் ஒரு சொல் சிகிச்சையை விவரிக்கும்போதே அதனை விற்கவும் செய்கின்றது என்பதை நோயாளி அறிந்திருத்தல் நன்று.

வழியைப் பற்றிய கேள்விக்கு முன்னே நிற்கும் கேள்வி வேறொன்று: செல்லத்தான் வேண்டுமா? 2015 இல் பிரிஞ்சிக்ஜியும் பிறரும் நோவேயில்லாதவர்களின் படங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். தட்டுத் தேய்வின் அறிகுறிகள் 20 வயதினருள் 37 வீதத்தினரிடமும் 80 வயதினருள் 96 வீதத்தினரிடமும் காணப்பட்டன. அஃதாவது, நரைத்த மயிரைப்போலத் தேய்ந்த தட்டும் பலரிடத்து வயதின் அடையாளமே. படத்திலே தெரியும் தேய்வே நோவின் காரணம் எனத் துணிவது எப்போதும் பொருந்தாது.

இணைப்பின் பயன்பற்றிய ஆய்வுகளும் ஒரே குரலிற் பேசுவதில்லை. நாட்பட்ட நாரி நோயாளர் 294 பேரைக் கொண்டு சுவீடனில் நடத்தப்பட்டு 2001 இல் வெளிவந்த ஆய்விலே, இணைப்புப் பெற்றோர் வழமையான சிகிச்சை பெற்றோரிலும் கூடிய பயனடைந்தனர். பிரித்தானியாவில் 349 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2005 இல் வெளிவந்த ஆய்விலோ, தீவிர உடற்பயிற்சியும் உளப்பயிற்சியும் பெற்றோருக்கும் இணைப்புப் பெற்றோருக்கும் இடையே தெளிவான பெருவேறுபாடு தோன்றவில்லை. இரண்டையும் சேர்த்து நோக்கின், ஒன்றும் செய்யாதிருப்பதிலும் இணைப்பு நன்றாகலாம்; ஆனால் இடைவிடாப் பயிற்சி அதற்கு நிகராக நிற்கவல்லது என்பது பெறப்படும். நரம்பு நசுங்கிக் கால் வலுவிழப்பவர், முள்ளென்பு நழுவியவர், கிருமியோ கட்டியோ என்பை அரிப்பவர் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்குக் கத்தியே மருந்தாகும் வேளைகள் பல.

இரண்டாம் சத்திரசிகிச்சையை எதிர்நோக்கும் நோயாளியிடத்து இக்கேள்விகள் யாவும் ஒருங்கே வந்து சேருகின்றன. முதன்முறை நம்பிக்கையோடு கையொப்பமிட்டவர் அவர். அந்நம்பிக்கை பொய்த்தபின் மீண்டும் ஒரு தாளிலே கையொப்பம் கேட்கப்படுகின்றது. அவர் வினவவேண்டியவை உள: நோவின் காரணம் இம்முறை உறுதியாகக் கண்டறியப்பட்டதா? முதலில் வைத்தது நகர்ந்ததா, இணையாதொழிந்ததா, கிருமி சேர்ந்ததா, அல்லது அடுத்த தட்டுத் தேய்ந்ததா? முன்னைய வடு எங்கே உள்ளது? புதிய வழி எந்த நரம்பின் அருகே, எந்தக் குழாயின் அருகே செல்லும்? தொடை விறைத்தால் அவ்விலையைக் கொடுக்க அவர் இசைகின்றாரா? இவற்றுக்கு விடை கூறாது துவாரத்தின் சிறுமையைமட்டும் எடுத்துரைக்கும் வைத்தியரிலும், இவற்றை அமர்ந்து விளக்கும் வைத்தியரே அந்நோயாளிக்கு வேண்டியவர்.

ஹிப்ஸ் என்புத் துண்டுகளைப் பாலமாக அமைத்த 1911 முதல் இன்றுவரை, நாரியை நோக்கிச் சென்ற ஒவ்வொரு தலைமுறையும் முன்னைய தலைமுறை விட்டுச்சென்ற வடுவைச் சுற்றியே புதுவழி கண்டுள்ளது. முன்வழி பின்வழியின் குறையிலிருந்து வலுப்பெற்றது. பக்கவழி இரண்டின் குறைகளிலிருந்தும் வலுப்பெற்றது. அதன் குறைகளும் இப்போது எழுதப்பட்டு வருகின்றன. எவ்வழியாற் சென்றாலும், தனக்குப்பின் மற்றொருவர் அவ்விடம் வரக்கூடும் என்பதை நினைந்து கத்தியை வைக்கும் சத்திரசிகிச்சை நிபுணரின் கையிலே நோயாளியின் நாரி ஓரளவு ஏமமாக இருக்கும்.